பதினொரு குளம், ஒரே செடி

வியாழக்கிழமை, காலை மணி பத்தேகால். விடிவதற்கு முன் கோவையில் ஏறிய ரயில் ஈரோடு, கரூர் என்று நின்று நின்று வந்து திருச்சி ஜங்ஷனில் என்னை இறக்கிவிட்டது. தை மாதம் என்பதால் வெயில் இன்னும் உறைக்கவில்லை. தோளில் ஒரு பை. அதற்குள் மாற்றுப் புடவைகள், தண்ணீர் பாட்டில், நான்காக மடித்த இரண்டு தாள்கள். அந்தத் தாள்களைக் கொடுப்பதற்காகத்தான் இந்தப் பயணம். மின்னஞ்சலில் அனுப்பினால் ஒரு நிமிட வேலை. எங்கள் துறைத் தலைவரும் அதைத்தான் சொன்னார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

நான் கோவையில் ஒரு தாவர மரபணு ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். உலர்ந்த இலையை அரைத்து, மரபணுவைப் பிரித்தெடுத்து, எந்தச் செடிக்கு எந்தச் செடி என்ன உறவு என்று பார்ப்பது வேலை. செடியை உயிரோடு பார்ப்பது அபூர்வம். பிரேதப் பரிசோதனை செய்கிறவர் யாரிடமும் நலம் விசாரிக்க முடியாதல்லவா, அதுபோலத்தான் என் பிழைப்பு. அப்படி இரண்டு ஆண்டுகளாக எனக்குத் தபாலில் வந்துகொண்டிருந்தவை சிற்றல்லியின் இலைகள்.

சிற்றல்லி என்பது திருச்சிப் பக்கத்தில் சிலர் சொல்லும் பெயர். அல்லிக்கும் இதற்கும் உறவில்லை. இலை மட்டும் அல்லி ஜாடை. வெள்ளைப் பூ விரல்நுனி அளவுதான் இருக்கும், இதழ் முழுக்கப் பஞ்சு பிரித்துப் போட்டதைப் போல முடி. காலையில் விரிந்து உச்சிப்பொழுதுக்குள் சுருண்டுவிடும். ஆழமில்லாத குளங்களைத் தூர்த்தும் ஆழப்படுத்தியும் நாம் இந்தச் செடியை அநேகமாக ஒழித்துவிட்டோம். இதன் புத்தகப் பெயரையும், இருக்கும் குளங்களின் பெயர்களையும் நான் எழுதப்போவதில்லை. மீன்தொட்டிக்கு விற்கிறவர்கள் பெயரைத் தெரிந்துகொண்டு வந்து குளத்தையே வழித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

ஜங்ஷனிலிருந்து சத்திரம் பேருந்து நிலையம் ஆறு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சத்திரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் பெரிய கடை வீதிக்கு அறுபது ரூபாய் கேட்டார். "ஏங்க, இந்தா இருக்கிற இடத்துக்கா?" என்றேன். "அப்ப நடந்து போங்கம்மா, உடம்புக்கு நல்லது" என்றார் கோபமே இல்லாமல். நடந்தேன். அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் வேகமாக நடக்க முடியாது. நானும் வேகமாகப் போக விரும்பவில்லை.

கடை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஜரீனா அக்காவின் தையல் கடை. எனக்கு இலைகளை அனுப்பிவந்தவர் இவர்தான். வயது ஐம்பத்திரண்டு. கழுத்தில் அளவு நாடா, மூக்கின் நுனியில் கண்ணாடி. கணவர் குவைத்தில் இருபது வருடமாக வேலை பார்க்கிறார். போனில் எத்தனையோ முறை பேசியிருந்தாலும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"வாங்க வசந்தி, வாங்க. நான் இன்னும் வயசானவங்களா நெனச்சேன் உங்கள" என்றார். "சாப்ட்டீங்களா? மொதல்ல மாடிக்கு வாங்க, பூ சுருங்கிடும்."

மொட்டைமாடியில் ஏழு சிமெண்ட் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் தெரியாத அளவுக்கு இலை; இலைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பூ. அறுபது இலைகளை அரைத்தவள் நான். அந்த இலைக்கு இப்படி ஒரு முகம் உண்டு என்று அன்றுதான் பார்த்தேன். ஒரு பூவின் அருகே குனிந்தவள் நிமிரவில்லை. அக்கா அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆறு வருடங்களுக்கு முன் துறையூர்ப் பக்கம் ஒரு உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர், அங்கே ஒரு குட்டையில் இந்தப் பூவைப் பார்த்து, அழகாக இருக்கிறதே என்று ஜவுளிக்கடைப் பையில் மூன்று செடிகளைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் திருச்சியிலும் சுற்று வட்டாரத்திலும் ஆட்கள் சேர்ந்து குளங்களைச் சீர்செய்யத் தொடங்கினார்கள். கல்லூரி ஆசிரியர் ஒருவர் இவருடைய தொட்டியைப் பார்த்துவிட்டு, இது அழிந்துகொண்டிருக்கும் செடி, குளங்களில் திரும்ப வைக்கலாம் என்றார். வைத்தார்கள். வேறு சிலர் கொண்டுவந்து வைத்த தாமரை, ஆம்பல் எல்லாம் பிடிக்காமல் போன இடத்திலும் ஜரீனா அக்கா வைத்தது பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான், ஊர் முடிவுகட்டிவிட்டது: இந்த அம்மாவுக்குக் கைராசி.

கைராசி என்று ஊர் சொல்லிவிட்டால் தப்பிக்க முடியாது. முதல் முடிச்சு, முதல் விதை, முதல் போணி எல்லாம் அந்தக் கையால்தான் நடக்க வேண்டும். புதிதாகக் குளம் தோண்டினால் ஜரீனா அக்காவுக்கு ஆள் வரும். அவர் தன் தொட்டியிலிருந்து நல்ல இலையாகக் காம்போடு நறுக்கி எடுத்துப் போவார். சிற்றல்லியின் இலைக் காம்பில் ஒரு கணு உண்டு; சேற்றில் செருகினால் அதிலிருந்தே புதுச் செடி கிளம்பிவிடும். கோயில் தெருக்காரர்கள், பள்ளிவாசல் தெருக்காரர்கள், மாதாகோயில் பக்கத்தவர்கள் எல்லாரும் அழைத்தார்கள். இப்படிப் பதினொரு குளம். எல்லாவற்றிலும் அவருடைய கை.

சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். கத்திரிக்காய் போட்ட தால்ச்சாவும் நெய்ச்சோறும் வைத்தார். சாப்பிட்ட பின்பும் வாய் வரவில்லை. மாலை மூன்று மணிக்கு அவரே கேட்டார்.

"ரிசல்ட் வந்துடுச்சுதானே? அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தீங்க. சொல்லுங்க."

பையிலிருந்து தாள்களை எடுத்தேன். பிறகு அவற்றைக் காட்டாமலேயே சொன்னேன். "பதினொரு குளத்து இலையையும் பார்த்தாச்சுக்கா. எல்லாம் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா? ஒரே ஜாதியா?"

"ஒரே செடிக்கா. பதினொரு குளத்துலயும் இருக்கிறது ஒரே ஒரு செடி."

அவர் தையல் மிஷினில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நாடாவைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "ஒரே துணிச்சுருள்ல, ஒரே தான்ல கிழிச்ச துணி மாதிரி" என்றார்.

"ஆமாங்க்கா."

"தான்ல ஒரு எடத்துல சாயம் போச்சுன்னா வெட்டுன அத்தனை ஜாக்கெட்டும் போயிடும்."

நான் பாதி நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. போன வருடம் ஒரு குளத்தில் இலையழுகல் வந்து, ஒரு செடிகூட மிஞ்சாமல் பத்தே நாளில் எல்லாம் கரைந்துபோய், மறுபடி தன் தொட்டியிலிருந்தே வைக்க வேண்டியிருந்ததை அவரே நினைவுபடுத்தினார். ஒன்றைக் கொல்வது எல்லாவற்றையும் கொல்லும். அதைத் தாங்கும் இன்னொரு ரகம் அந்தக் குளத்தில் இல்லை.

இதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று இருந்தது. சிற்றல்லியில் இரண்டு விதமான பூக்கள் உண்டு. ஒரு செடியில் பூவின் நடுத்தண்டு நெட்டையாகவும் மகரந்தம் அதற்குக் கீழேயும் இருக்கும். இன்னொரு செடியில் தண்டு குட்டையாகவும் மகரந்தம் அதற்கு மேலேயும் இருக்கும். நெட்டைக்குக் குட்டையின் மகரந்தம் வேண்டும், குட்டைக்கு நெட்டையின் மகரந்தம் வேண்டும். ஒரே விதமானவை எத்தனை ஆயிரம் பூத்தாலும் காய் வைக்காது. காலையில் மாடியில் நான் பார்த்த பூக்கள் எல்லாம் நெட்டை.

"ஆறு வருஷத்துல நான் காயே பார்த்ததில்ல" என்றார் அக்கா. "இதுக்குக் காயே கிடையாதுன்னுதான் நெனச்சிருந்தேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியும் வச்சிருக்கேன்."

பிறகு அவரே கேட்டார், "நான் மூணு செடில்ல கொண்டாந்தேன்?"

"மத்த ரெண்டு என்னாச்சுக்கா?"

"ரெண்டும் சோணங்கியா இருந்துச்சு. இது மட்டும் மளமளன்னு படர்ந்துச்சு. குளத்துக்குக் குடுக்கிறதுன்னா நல்லதா பார்த்துத்தானே குடுக்கணும்? மத்தத எடுத்துப் போட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் கையால எடுத்துப் போட்டேன் வசந்தி."

இந்த இடத்தில் என் தரப்புக் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். மரபணு பார்க்கிற எங்களைப் போன்றவர்கள் முதல் குளத்துக்கு முன்பே வந்து, பல இடத்துச் செடிகளைக் கலந்து வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பதினொரு குளம் முடிந்த பிறகு இலை கேட்டு உறை அனுப்பினோம். ஆராய்ச்சிக்காரர்கள் கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வருகிற உறவுக்காரர்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

"அந்தக் குட்டை இன்னும் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சத்திரத்தில் துறையூர் பஸ் ஏறினோம். துறையூர் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். கொள்ளிடம் தாண்டியதும் வாழை. மண்ணச்சநல்லூர் கடந்தால் நெல். அதற்கு அப்பால் மண் சிவந்து, சோளமும் பருத்தியும். ஒன்றரை மணி நேரமாகும். அக்கா வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சாலையோரம் தண்ணீர் தென்பட்டபோதெல்லாம் அவருடைய கழுத்து திரும்பியது.

துறையூரிலிருந்து பச்சைமலை அடிவாரத்துக்குப் போகும் பஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, டைம் கீப்பர், "வந்தாத்தாம்மா தெரியும்" என்றார். இரண்டு மணி நேரம் போனது. பூ சுருங்கும் நேரம் நெருங்க நெருங்க அக்கா எழுந்து எழுந்து போய் பஸ் வரும் வழியைப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் மூன்று செடிகளை எடுத்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே கால். குட்டை இல்லை. கிராவல் கொட்டி மேடாக்கி, எண் எழுதிய மஞ்சள் கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள். ஒரு கொட்டகையும், மனைகள் விற்பனைக்கு என்ற பலகையும் நின்றன. அக்கா ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் இடையே நடந்து போய் நின்று, "இங்கதான் படி இருந்துச்சு" என்றார். எனக்கு அந்த மண்மேட்டில் நிற்கக் கூச்சமாக இருந்தது.

பக்கத்து மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண் ஒருவர் எங்களை மனை வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அருகில் வந்தார். பெயர் சாந்தி, முப்பத்தைந்து வயதிருக்கலாம். அக்கா தன் போனில் பூவின் படத்தைக் காட்டினார்.

"இதுவா? எங்க எருமைக் குட்டையில கெடக்குதே" என்றார் சாந்தி. "மாடு எறங்க முடியல. வருசா வருசம் அரிச்சு வரப்புல போட்டுடுவோம். மறுபடி எங்கேர்ந்துதான் வருதோ தெரியல, வந்துடுது."

அவருக்கு அது அலுப்பு. எனக்கு அது துப்பு. அடியோடு அரித்துப் போட்ட பிறகும் வருகிறது என்றால், சேற்றில் விதை கிடக்கலாம். வேர்த்துண்டாகவும் இருக்கலாம். உறுதியில்லாததால் அக்காவிடம் நான் வாயைத் திறக்கவில்லை.

குட்டை அரைக் கிலோமீட்டர் தள்ளி, மலை ஆரம்பிக்கும் இடத்தில் இருந்தது. ஒரு வீட்டு மனை அளவுகூட இல்லை. போனபோது மணி ஒன்று. பூக்கள் எல்லாம் ஈரக் காகிதத்தைப் போலச் சுருண்டு தண்ணீரில் ஒட்டிக்கிடந்தன. சுருண்ட பூவைப் பிரித்து நெட்டையா குட்டையா என்று பார்க்க முயன்றேன், கையில் கூழாகிவிட்டது.

"நாளைக்குக் காலையிலதான் தெரியும்க்கா."

"இருந்து பார்த்துட்டுத்தான் போவேன்" என்றார் அவர். துறையூருக்குத் திரும்பி, காலையில் பஸ்ஸை நம்பி வருவது நடக்கிற காரியமில்லை. சாந்தி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுலயே இருங்க. ரெண்டு பேருக்குச் சோறு போட முடியாமயா போயிடும்" என்றார். அன்று அங்கேயே தங்கினோம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் குட்டைக்கரையில் இருந்தோம். மலைக்குப் பின்னால் இருந்து வெயில் இறங்கும் வரை மொட்டு அசையவில்லை. நல்ல குளிர். ஏழே முக்காலுக்கு முதல் பூ விரிந்தது. நெட்டை. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் நெட்டை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எட்டே காலுக்கு நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். எப்படி அவரை ஊருக்குக் கூட்டிப் போவது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

அக்கா எனக்கு எதிர்ப்பக்கம், மழைத்தண்ணீர் வந்து விழும் மடை ஓரமாகக் குனிந்து நின்றார். தையலில் பிசகிய ஒரு நூலை எட்டி நின்றே பார்த்துவிடுகிற கண் அது.

"வசந்தி," என்றார். சத்தம் போடவில்லை. "இது வேற."

தண்ணீரைக் கலக்காமல் போனேன். சின்னப் பூ, செடியும் நோஞ்சான். இலையில் பூச்சி அரித்த ஓட்டைகள். நடுவில் தண்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அதற்கு மேலே ஐந்து மகரந்தப் பைகள் நின்றன. குட்டை. படங்களில் மட்டும் பார்த்திருந்த பூ. அதன் இலையைப் புரட்டினேன். காம்பில், பட்டாணி அளவில், பச்சையாக ஒரு காய்.

அதை நசுக்கி என் உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் நீட்டினேன். பழுப்பு நிறத்தில் பத்துப் பதினைந்து விதைகள். அவர் அவற்றைத் தொடவில்லை. கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பார்த்தார். அவருடைய கண்ணீர் கண்ணாடிக்குக் கீழே இறங்கியது. "யா அல்லாஹ்" என்று ஒரு முறை சொன்னார். எனக்கும் அழுகை வந்தது.

"செடிகளை நீங்களே எடுங்கக்கா" என்றேன். "உங்க கண்ணுக்குத்தான் தெரிஞ்சுது."

"நான் எடுக்க மாட்டேன். எடுத்தா இதுலயும் நல்லதாத்தான் பொறுக்குவேன். என் கைக்கு அது மட்டும்தான் தெரியும்." கரையில் நின்ற சாந்தியைக் கூப்பிட்டார். "நீ எறங்கும்மா. எப்பவும் அரிப்பியே, அந்த மாதிரி அரிச்சு எடு. நல்லது கெட்டது பார்க்காத."

சாந்தி சிரித்தபடி இறங்கி, குட்டையின் நான்கு மூலையிலிருந்தும் கையில் வந்ததை வந்தபடி வாரிக் கூடையில் போட்டார். நெட்டை, குட்டை, நோஞ்சான், ஓட்டை விழுந்தது எல்லாம் வந்தன. இனி அரிக்கும்போது மடையோரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். "மாடு அந்தப் பக்கம் போவாது. கெடக்கட்டும்" என்றார். மனைக்கற்கள் அந்தக் குட்டை வரை வருமா என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்ரீரங்கம். சத்திரத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டினால் ஐந்து கிலோமீட்டர்தான். கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு பழைய குளத்தைத் தெருக்காரர்கள் சேர்ந்து தூர்வாரியிருந்தார்கள். பன்னிரண்டாவது குளம். இந்தத் தேதி ஒரு மாதத்துக்கு முன்பே முடிவானது. முதல் இலையை ஜரீனா அக்கா வைக்க வேண்டும் என்பதும் அப்போதே முடிவானது. அவருடைய தொட்டியிலிருந்து எடுத்த இலைகள் ஒரு வாளியில் இருந்தன. சாந்தியின் கூடை அதற்குப் பக்கத்தில்.

வேலைகளை முன்னின்று நடத்தியவர் கோதை மாமி. அறுபது வயது, ஒன்பது கஜப் புடவை, யாரையும் அதட்டுகிற குரல். தாம்பாளத்தில் மஞ்சளும் பூவும் வைத்துக் காத்திருந்தார். சுற்றிலும் முப்பது பேர் இருக்கும்.

"ஜரீனா, வாங்கோ வாங்கோ. உங்க கைதான் முதல்ல. பெருமாள் அனுக்கிரகம், இந்தக் கையில வச்சிருக்கார்."

அக்கா தாம்பாளத்தை வாங்கவில்லை. "மாமி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

"சொல்லிண்டே வையுங்கோ. நாழியாறது."

"இல்ல மாமி. நான் வைக்க மாட்டேன்."

உடம்பு சரியில்லையா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று ஆளுக்கு ஒன்று கேட்டார்கள். கோதை மாமியின் முகம் மாறிவிட்டது. கோயில் ஊரில் ஒரு முஸ்லிம் பெண்மணியை யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்று அவர் பயந்தது எனக்குத் தெரிந்தது. "யார் என்ன சொன்னா? எங்கிட்ட சொல்லுங்கோ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

"யாரும் எதுவும் சொல்லல மாமி. என் கை பட்ட பதினொரு குளத்துலயும் ஒரு காய் கிடையாது. ஒரு விதை கிடையாது. எல்லாம் ஒரே செடி. ஒரு நோய் வந்தா ஒண்ணும் மிஞ்சாது. நல்லதா பார்த்து ஒண்ணையே எடுத்து எடுத்து வச்சேன். கைராசின்னு நீங்க சொன்னீங்க, நானும் நம்பிட்டேன். என் கை பட்டதாலதான் அது மலடா நிக்குது."

அந்தச் சொல்லை அவர் சொன்னபோது கூட்டத்தில் இருந்த பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவருடைய கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பிடித்துக்கொண்டேன். இரண்டு விதப் பூக்களைப் பற்றி நான்தான் மற்றவர்களுக்கு விளக்கினேன். கோதை மாமி கூடையையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ ஜரீனா வச்ச பழைய செடியெல்லாம் பிடுங்கிடணுமா?" என்று கேட்டார்.

அக்காவின் விரல்கள் என் கைக்குள் இறுகின. வியாழக்கிழமையிலிருந்து அவர் வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி இதுதான் என்று அப்போது புரிந்தது. எத்தனை பெரிய மடச்சி நான். அதற்கான பதிலை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

"பிடுங்கவே கூடாது மாமி" என்றேன். "புதுசா வந்த குட்டைப் பூ காய்க்கணும்னா நெட்டைப் பூ வேணும். அக்காவோட செடிதான் இந்த ஜில்லாவுல நல்லா வேர் பிடிச்சு நிக்கிற நெட்டை. அது போச்சுன்னா கூடையில இருக்கிறது எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாது. அதுவும் வேணும், இதுவும் வேணும். ரெண்டையும் இங்கயும் அந்தப் பதினொரு குளத்துலயும் கலக்கணும்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேனா, உண்மையைச் சொல்கிறேனா என்று பார்க்கிறார் என்று நினைக்கிறேன். "தாள்ல அப்படித்தான் போட்டிருக்கா?" என்று கேட்டார். "அப்படித்தான்க்கா போட்டிருக்கு" என்றேன். இரண்டாவது தாளின் கடைசி வரி அது. அவரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. மூன்று நாளாக என் பையிலேயே கிடந்திருக்கிறது.

கோதை மாமி தாம்பாளத்தைக் கீழே வைத்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடைக்குள் பார்க்காமல் கையை விட்டு, வந்த செடியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். பால்காரர், வங்கியில் வேலை பார்க்கும் பெண், ஓய்வுபெற்ற தபால்காரர். சிலர் செடியைத் தலைகீழாக வைத்தார்கள், சிலர் வழுக்கினார்கள். எந்த இலை எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. கூடை அரை மணி நேரத்தில் காலியானது.

வாளியிலிருந்த இலைகளையும் அப்படியே எடுத்துப் போய் வைத்தார்கள். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. ஜரீனா அக்கா அதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். இத்தனை வருடமும் அவர் குளத்தில் இறங்கினால் சுற்றி நின்று படம் எடுப்பார்கள். அன்று எல்லாரும் அவரவர் வைத்த செடி நிற்கிறதா, சாய்கிறதா என்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள். அவர் ஓரமாக இறங்கி, குனிந்து, காம்பைச் சேற்றில் செருகிவிட்டு ஏறிவந்தார். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மாலை மூன்று மணி ரயிலில் கோவை திரும்பினேன். எங்கள் ஊரில் ஒரு குளத்துக்குச் செடி வைக்க வேண்டுமென்றால் டெண்டர் விடுவார்கள், லாரியில் வரும், யார் கையால் வைத்தார்கள் என்று எவருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அப்படி வைத்தது காய்க்காமல் போனால் அழுகிறவரும் கிடையாது. காய் வைக்குமா, விதை முளைக்குமா, முளைத்தது நிற்குமா என்பதெல்லாம் தெரிய இன்னும் இரண்டு மழைக்காலம் வேண்டும். அதுவரை இலைகள் உறையில் வரும். நான் அரைத்துப் பார்ப்பேன்.

இந்த வாரம் அறிக்கையை எழுதி முடித்தேன். பதினொரு குளங்களிலும் இருப்பது ஒரே செடி என்று முதல் பத்தியில் இருக்கிறது. அது உண்மை. அந்த முதல் குட்டை மனைக்கற்களாகிவிட்டதையும், அதிலிருந்து ஒரு பெண் ஜவுளிக்கடைப் பையில் எடுத்துப் போயிருக்காவிட்டால் எண்ணிச் சொல்ல அந்த ஒரே செடியும் இருந்திருக்காது என்பதையும் எழுத அறிக்கையில் இடமில்லை. அதனால்தான் இதை எழுதினேன்.